பக்கத்திலிருந்து வந்த கத்தி

பஞ்சாட்சரம் தன் மச்சானின் விரல்களை உடைத்தது ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கஞ்சி குடித்த வாய் காய்வதற்குள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு முழம் சேலைக் கரை.

பெரிய காஞ்சிபுரத்தில் அகலக் கரைப் பட்டு நெய்ய இரண்டு ஆள் வேண்டும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து சேலையின் உடலையும் இடது கரையையும் நெய்வது பஞ்சாட்சரம். வலது ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு இழை சுற்றிய நாடாக் கட்டையை எறிந்து, உடல் இழையோடு கரை இழையைக் கோத்துவிடுவது அவன் பெண்டாட்டியின் தம்பி வீரபாகு. பதினோரு வருஷம் வாய் பேசாமலே ஒருவர் கையை ஒருவர் அறிந்து நெய்தார்கள். கடைசி மூன்று வருஷத்தில்தான் சனியன் பிடித்தது. வலது கரை பழுதில்லாமல் இருக்கும். இடது கரையில் இழை அறுந்து, கோர்வை விட்டு, விரற்கடை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருக்கும். பஞ்சாட்சரம் அதைக் கவனிக்காமல் மேலே மேலே நெய்துகொண்டு போயிருப்பான். சேலையை அறுத்து இறக்கி வெளிச்சத்தில் விரிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அன்றைக்கும் அப்படித்தான் விரித்தார்கள்.

"உன் பக்கம் மட்டும் எப்பிடிடா சுத்தமா இருக்குது? நான் சோறு துன்னப் போறப்போ என் பக்கம் கைய வைக்கிறியா?"

"நான் ஏன் மாமா கைய வைக்கணும்?"

"என்னை எழுப்பிட்டு நீ குழியில குந்தணும். அதுக்குத்தான்."

வீரபாகு வாயைத் திறப்பதற்குள் பாவு நூல் விரிக்கும் கழி அவன் வலது கைமேல் இறங்கியது. இரண்டு விரல்கள் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடிக்காகப் பஞ்சாட்சரம் கழியைத் தன் இடப்பக்கம் வீசி ஓங்கினான். அந்தப் பக்கமிருந்துதான் அவன் பெண்டாட்டி பூவம்மாள் அவன் கையைப் பிடிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். கழியின் முனை அவள் வயிற்றில் பட்டது. தறிக்குழிக்குள் விழுந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் தங்கிய கரு அன்று மாலைக்குள் போய்விட்டது.

"அவ வந்தத நான் பாக்கலை," என்றான் பஞ்சாட்சரம். பெண்டாட்டியிடம் சொன்னான், தெருவில் சொன்னான், பஞ்சாயத்தில் நின்று சொன்னான். பட்டப்பகலில் ஓர் ஆள் உயரப் பொம்பளை பக்கத்தில் வந்து நின்றது தெரியவில்லையாம். தெருவே காறித் துப்பியது. பூவம்மாள் கூரத்தில் இருந்த தாய் வீட்டுக்கு வண்டி ஏறினாள்.

அவன் உருவமும் அவனுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. மூன்று நாலு வருஷமாகவே கீழ்த்தாடை முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. பல்லுக்குப் பல் சந்து. குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகியிருந்தது. கல்யாண மோதிரத்தைத் தட்டான் இரண்டு தடவை அறுத்து ஒட்டினான். மூன்றாம் தடவை ஒட்டவில்லை. தலைவலி என்று நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே நெய்வான். தெருப் பிள்ளைகள் அவனைச் சூரன் என்றார்கள். பெரியவர்கள் முனி பிடித்திருக்கிறது என்றார்கள். முனி ஓட்டும் குமாரசாமி வந்து, அவனைத் தூணில் கட்டி வைத்து, மூன்று நாள் புளிய மிலாறால் விளாசினான். முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. வீரபாகு கைக்கட்டோடு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் பார்த்தான். அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போதவில்லை.

ஐப்பசியில் சூரசம்ஹாரம் வந்தது. முருகனின் படைத்தளபதி வீரபாகுவாக வேஷம் கட்டும் உரிமை அவர்கள் குடும்பத்துக்கு உண்டு. அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயரே. மற்ற எட்டு வீரர்களுக்கும் மரக்கத்தி, அவனுக்கு மட்டும் இரும்புக் கத்தி. பாட்டன் காலத்திலிருந்து கூர் மழுங்கிக் கிடந்த அந்தக் கத்தியை அவன் ஒரு வாரமாக இடது கையால் சாணைக்கல்லில் தேய்த்தான். சூரன் பொம்மையைத் தோளில் சுமந்து தெருவில் முன்னும் பின்னும் ஓடுகிறவர்களில் பஞ்சாட்சரம் முன் வலது சுமைக்கொம்பைத் தாங்குகிறவன். அந்த உடம்பு வேறு எதற்கு உதவும்? புழுதியும் கொட்டுச் சத்தமுமாக இருக்கிற கூட்டத்தில் கத்தி ஒரு கழுத்தில் பட்டால், கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன் அவன் முகத்தில் பயத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் வீரபாகுவின் ஆசை.

மாலை வெயில் தெருவில் நேராக அடித்தது. வீரர்கள் எட்டுப் பேரும் கூவிக்கொண்டு பாய்ந்தார்கள். வீரபாகு வலப்பக்கமாகச் சுற்றி வந்து, பஞ்சாட்சரத்துக்கு இரண்டு முழத் தூரத்தில், அவன் காதுக்கு நேராகக் கத்தியை ஓங்கினான். வெயில் பட்டுக் கத்தி பளீரென்றது.

பஞ்சாட்சரம் அசையவில்லை.

கண் சிமிட்டவில்லை, தோளைச் சுருக்கவில்லை. எதிரே பார்த்தபடி கொம்பைத் தாங்கிக்கொண்டு நின்றான். வீரபாகு ஓங்கிய கத்தியை ஆட்டிக்காட்டினான். ஒன்றுமில்லை. பின்னால் கொம்பு பிடித்திருந்த வேலாயுதம் அதைப் பார்த்துவிட்டான்.

"பஞ்சாட்சரம், கத்திடா, கத்தி."

"எங்கடா?" என்று நேரே பார்த்தபடியே கேட்டான் பஞ்சாட்சரம்.

அதற்குள் கத்தி இறங்கத் தொடங்கியிருந்தது. கழுத்தைக் குறிவைத்த கையை வீரபாகு கடைசி நொடியில் திருப்பினான். கத்தி தோளில் இறங்கி எலும்பில் நின்றது. ரத்தம் பீறிட்டு வீரவேஷத்தின் மஞ்சள் பட்டெல்லாம் நனைந்தது. கொம்பு சரிந்து சூரனின் தலை புழுதியில் உருண்டது. பஞ்சாட்சரம் அப்போதுதான் தலையை முழுவதும் திருப்பி மச்சானைப் பார்த்தான்.

"நீயா? நீ வந்தத நான் பாக்கலை," என்றான்.

அதே வார்த்தை.

தோள் காயத்துக்குக் கட்டுப் போட்ட மறுநாள் வீரபாகு ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு பஞ்சாட்சரத்தின் எதிரில் உட்கார்ந்தான். மூக்கைப் பார் மாமா என்று சொல்லிவிட்டு, நாடாவை இரண்டு பக்கமிருந்தும் மெல்ல முன்னால் கொண்டுவந்தான். முகத்துக்கு நேராக வரும்வரை பஞ்சாட்சரத்துக்கு அது தெரியவில்லை. வலது கரை சுத்தமாக இருந்தது வீரபாகுவின் கண்ணால். இடது கரையில் ஓட்டை விழுந்தது அங்கே பார்க்க யாருமே இல்லாததால். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள இத்தனை ரத்தம் தேவைப்பட்டது.

பட்டணத்தில் மூளை நோய்க்கென்று தனிப் பிரிவு வைத்த ஆஸ்பத்திரி ஒன்று இருப்பதாகக் காயத்துக்கு மருந்து போட்ட கம்பவுண்டர் சொன்னார். செங்கல்பட்டில் வண்டி மாறியபோது பஞ்சாட்சரம் கேட்டான்.

"வேணும்னுதான வெட்டின?"

"ஆமா மாமா."

"போலீஸ்காரன் வந்து கேட்டான். யாரு வெட்டினதுன்னு நான் பாக்கலைன்னு சொல்லிட்டேன்."

எழும்பூரில் வீரபாகு அவன் எதிரே வந்து நின்று, கையைப் பிடித்து இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே ரகளை. நர்ஸ் ஒருத்தி பக்கத்திலிருந்து வந்து கையைத் தொட, பஞ்சாட்சரம் திடுக்கிட்டு விட்ட அறையில் அவள் மருந்துத் தட்டோடு சுவரில் மோதினாள். ஓடிவந்த வார்டு ஆட்கள் நாலு பேர் அவனைத் தரையில் அழுத்தி மிதித்தார்கள். டாக்டர் யேசுதாஸ் வந்து அவர்களை விலக்கினார். ஒல்லி மனுஷர். தரையில் கிடந்தவனின் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்து அளவு பார்த்தார்.

"இனிமே யாரும் இவர்கிட்ட பக்கத்திலிருந்து போகாதீங்க. நேரே போங்க," என்றார் ஆட்களிடம். பிறகு வீரபாகுவைக் கேட்டார். "மோதிரம் போட்டிருந்தாரா?"

"ரெண்டு வாட்டி அறுத்தாச்சுங்க."

"செருப்பு?"

"வருஷத்துக்கு ஒரு அளவுங்க."

கறுப்புத் துணித் திரைக்கு முன்னால் பஞ்சாட்சரத்தை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, கோலின் நுனியில் வெள்ளைப் புள்ளி ஒன்றை ஓரத்திலிருந்து நகர்த்தி, அவனுக்குத் தெரிகிற இடத்திலெல்லாம் திரையில் ஊசி குத்தினார் டாக்டர். குறித்து முடித்தபோது இரண்டு கண்ணிலும் வெளிப்பாதி முழுக்க இருட்டு. தலையை எக்ஸ்ரே படம் பிடித்துச் சுவர் விளக்கில் மாட்டினார்.

"மண்டைக்கு அடியில, நடு மத்தியில, கடலை அளவு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு வளர்றது அது சொல்றபடிதான். உங்களுக்கு அதுல ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து, எலும்பையே குடைஞ்சிருக்கு. கை, கால், தாடை பெருத்தது அதனாலதான். மேலே கண் நரம்பை அழுத்தறதால ரெண்டு ஓரமும் தெரியலை. வண்டிக் குதிரைக்குக் கண்ணுல பட்டை கட்டுவாங்களே, அப்படி."

பஞ்சாட்சரம் நெடுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தான். "அப்போ என் பொண்டாட்டி வந்தத நான் நெசமாவே பாக்கலையா சாமி?"

"பார்த்திருக்க முடியாது."

தூணில் கட்டி அடித்தபோது அழாதவன் அங்கே குலுங்கிக் குலுங்கி அழுதான். "எல்லாரும் சொல்லிச் சொல்லி, பாத்துத்தான் அடிச்சேன்னு நானே நம்பிட்டேன்," என்றான்.

வீரபாகு தன் கோணல் விரல்களைப் பார்த்துக்கொண்டான். இதை அடித்தது பார்த்துத்தான். எந்தக் கட்டியும் இதற்குப் பொறுப்பேற்காது.

மூக்கு வழியாகக் குடைந்து கட்டியை எடுக்கலாம், ஆனால் பிழைப்பது நிச்சயமில்லை, அதனால் முதலில் எக்ஸ்ரே கதிரால் சுட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். மணல் மூட்டையால் தலையை அசையாமல் இறுக்கி, வாரக்கணக்கில் சுட்டார்கள். பஞ்சாட்சரம் வாந்தி எடுத்தான், பொட்டுப் பக்கம் முடி கொத்தாகக் கொட்டியது, தோல் கருகியது. மூன்று தவணையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். பங்குனியில் தலைவலி நின்றது. வெள்ளைப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்திலும் தெரிந்தது. பெருத்த கையும் தாடையும் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீரபாகு கூரத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்து, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சித்திரையில் ஒரு காலை புதுப் பாவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் குழியில் உட்கார்ந்தபடி விரித்த கழியை உருவி, இடப்பக்கம் போடுவதற்காக வீசினான். அந்த நேரத்தில்தான் பூவம்மாள் இடதுபக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்தாள். வலது ஓரத்தில் இருந்த வீரபாகு கத்துவதற்குள் கழி பாதி தூரம் போய்விட்டது.

கழி நின்றது. பஞ்சாட்சரம் தலையைத் திருப்பவே இல்லை. அவள் வயிற்றுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் அவன் கை தானாக நின்றுவிட்டது.

பூவம்மாள் கழியின் முனையைப் பார்த்தாள், பிறகு அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இவ்ளோதான் வேண்டியிருந்துச்சு," என்றாள்.

வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தை இப்போது பஞ்சாட்சரத்திடம் இல்லை. அவன் அவள் பக்கம் திரும்பி, அவளை முழுக்கப் பார்த்தான். அவள் கழியை அவன் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, இடது கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த இழை ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டாள்.