நீதவான் கதிரை

ஞாயிற்றுக்கிழமைகளில் அருளம்பலம் நீதவான். மற்ற நாட்களில் லாசால் தொழிற்சாலையில் உறைந்த கோழிப் பெட்டி தூக்கி மரத்துப்போகிற கைகளை, மத்தியானச் சோறு முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் மடித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். மனைவி சிவநேசத்தின் கட்டளை. அகதி விசாரணைக்கு முதல் எங்கள் சனம் வீடுகளில் பார்க்கிற ஒத்திகைதான் இது: ஒருவர் நீதவான், ஒருவர் சாட்சி, சாட்சிக்கு நா வறண்டால் குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர். அவர்களுடைய வழக்கு எப்போதோ வென்றாகிவிட்டது. ஆனால் போன வருடம், தொண்ணூற்றெட்டுக் கோடையில், உலகத்துக்கே பொதுவாக ஒரு நீதிமன்றம் வரப்போகிறது என்று தமிழ் வானொலி சொன்னதும் சிவநேசம் மறுபடி தொடங்கிவிட்டாள். இந்த முறை, திரும்பி வராமலே போன அவளுடைய தம்பி கணேசலிங்கத்துக்காக. சோதனைச் சாவடியில் ஆமி அவனை பஸ்ஸிலிருந்து இறக்கியபோது பக்கத்து சீற்றில் இருந்தவள் அவள். ஒவ்வொரு ஞாயிறும், அவனை ஏற்றிக்கொண்டு லொறி வெளிக்கிடுகிற இடத்தில் அவளுக்குக் கதை நின்றுபோகும். நீதவானுக்குக் கண் கலங்கும். "நீதவான் அழுதால் கேஸ் தோத்துப்போம்" என்று ஏசிவிட்டுத் தேநீர் போடப் போவாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, பால் வாங்கப் போன அருளம்பலத்தை டெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் ஹென்றி மறித்தான். ஊர்க்காரன், உலகச் செய்தி முழுக்க அவன் வாயில்.

"அண்ணை, அமெரிக்கன் சட்டம் போட்டிட்டான். அந்த உலகக் கோட்டுக்குத் தங்கட காசு ஒரு சதமும் போகப்படாதாம். செனட் ஓமெண்டு சொல்லாமல் சேரவும் ஏலாதாம். தங்கட ஆமியைக் கூண்டில ஏத்திப்போடுவாங்கள் எண்ட பயம். இனி உங்கட நீதவான் உத்தியோகமும் போச்சு!"

"பொத்தடா வாயை."

வில்லரே பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலின் இரும்புப் படிகளில் உறைபனி. ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறும்போது அருளம்பலம் ஒரு பொய்யைத் தயார்படுத்தினார்.

"இஞ்சாரும், முழங்கால் குத்துது. இண்டைக்குக் கோட் லீவு."

சிவநேசம் கிளாஸைத் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹென்றி சொல்லிப்போட்டானே?"

"உமக்குத் தெரியுமே!"

"வெள்ளிக்கிழமையே அவன்ர மனிசி மாக்கிரட் லோண்ட்ரியில சொன்னவ. பெரிய வீட்டுக்காரன் வரேல்லையெண்டால் கலியாணம் நிண்டுபோமே? இருங்கோ கதிரையில."

"அந்தக் கோட் வராமலே போனால்?"

அவள் கிளாஸை மேசையில் வைத்தாள்.

"முதலெல்லாம் தம்பியின்ர சேட் பச்சை எண்டனான். போன கிழமை நீலம் எண்டனான். நீங்கள் ஏன் பிடிக்கேல்லை?"

அருளம்பலம் தலையைக் குனிந்தார். கவனித்துத்தான் இருந்தார். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னவர்களின் வழக்கு விழுந்த கதைகள் அவருக்கு எத்தனையோ தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை.

"எனக்கு மறக்கத் தொடங்கியிட்டுதப்பா," என்றாள். "கோட் வரேக்கை வரட்டும். நான் முழுக்க ஒருக்கால் சொல்லவேணும். புருசன் மாதிரிக் கேளாதேங்கோ. நீதவான் மாதிரிக் கேளுங்கோ."

அவர் குளிர் அங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"சாட்சி, உம்மட தம்பி போட்டிருந்த சேட் என்ன நிறம்?"

சிவநேசம் கண்ணை மூடினாள். வெளியே பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு போய் மறைந்தது.

"பச்சை," என்றாள். "நான்தான் தோய்ச்சனான். காயேல்லை. ஈரத்தோட போட்டவன். லொறியில ஏத்தேக்கை முதுகிலை ஒட்டியிருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, 'அக்கா, குடையை பஸ்ஸில விட்டிடாத' எண்டான்..."

லொறி வெளிக்கிட்டது. இந்த முறை அவள் நிற்கவில்லை. அது வளைவில் திரும்பியதும், பஸ் காலியானதும், குடையோடு வீட்டுக்கு நடந்ததும் எல்லாம் சொன்னாள். நீதவானின் தாடியிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அவள் ஏசவில்லை. கதையை நிறுத்தாமலே, சாட்சிக்கு வைத்திருந்த கிளாஸை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.