ஒரு குளத்துக்கு இரண்டு அளவு மருந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருந்துக் குப்பியின் லேபிளில் பிறந்தது. மீன் குளத்தில் ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று விலாவாரியாகப் போட்டிருந்தவர்கள், புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத வீட்டில் யார் ஊற்றுவது என்று மட்டும் போடவில்லை.

2

காலைக் கதிரவன் குளத்தின்மேல் தன் பொற்— (வேண்டாம். மீன்களுக்கே உடம்பு சரியில்லை.)

மீன் வளர்க்கும் அவள், கணவனிடம் பேசி மூன்று நாளாகிறது. அவள் அண்ணன் கொடுத்த குஞ்சுகளைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் குளத்தில் விட்டதால்தான் நோய் வந்தது என்று அவன் சொல்லிவிட்டான். சொன்னதோடு விட்டானா? என்ன மருந்து, எப்போது போட்டோம் என்று இருவரும் குறித்துவைக்கும் கரும்பலகையில், 'நோய்: மச்சான் உபயம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தான்.

அந்தப் பலகையை அவள் இனித் தொடுவாளா? காலையில் மருந்தை ஊற்றினாள், குறிக்கவில்லை. பதினோரு மணிக்கு அவன் வந்து பலகையைப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு முழு அளவை ஊற்றினான்.

(அவனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மீன் இரையெடுக்காத நாளில் அவனுக்கும் சோறு இறங்காது.)

3

மதியம் நாலாயிரம் மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவன் மீன் டாக்டருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"மருந்து எத்தனை தடவை ஊத்தினீங்க?"

"ஒரே தடவைதான் சார்."

"அப்ப செவுள்ல பூச்சி முத்திப்போச்சு. இன்னொரு அளவு ஊத்துங்க."

கரையில் நின்று கேட்ட அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, அவனும் ஊற்றியிருக்கிறான். இது நோயில்லை, இரட்டை மருந்து. உடனே புதுத் தண்ணீர் விட்டால் பிழைக்கும்; மூன்றாவது அளவு விழுந்தால் குளமே போச்சு. அவன் குவளையில் அளந்துகொண்டிருந்தான்.

4

முடிவு அ: "ஏங்க, காலையிலேயே நான் ஊத்திட்டேன்" என்கிறாள். (மூன்று நாள் வீம்பு இவ்வளவு லேசாகவா இறங்கும்? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ஓடிப்போய்ப் பலகையில் எழுதுகிறாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

முடிவு இ: குவளையைத் தட்டிவி—

5

எனக்கு வரவில்லை. முதல் வார்த்தையை எப்படிப் பேசுவது என்று தெரிந்திருந்தால், என் வீட்டில் நான்காம் நாளாக நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நீங்களாவது அவளைப் பேசவையுங்கள். சீக்கிரம். அவன் குவளையைச் சாய்க்கிறான்.