நாலாம் பூச்சு

கறுப்பு பென்ஸின் பின் இடது கதவுக்கு முன்னால் குகதாசன் குந்தியிருந்தான். இரண்டு விரல்களில் துணியைச் சுற்றி, மெழுகு டப்பாவில் ஒரு தொடு தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போனான். பூசிய மெழுகு காய்ந்து வெள்ளையாகப் பனிப்புகார் படிந்ததுபோல வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தால் இழுபடும். பராக்குப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டால் இறுகிப்போய் உயிரை வாங்கும். லண்டன் ஹவுன்ஸ்லோவின் நவம்பர் குளிரில் மெழுகு காய்வதற்குள் மெழுகுகிறவன் விறைத்துப்போவான்.

காரின் மற்றப் பாகங்களுக்கெல்லாம் மூன்று பூச்சு. இந்தக் கதவுக்கு இது நாலாவது.

"உன்ர மனிசி வாற பிளேன் அந்தக் கதவிலைதான் இறங்கப்போகுது எண்ட மாதிரித் தேய்க்கிறாய்," என்றார் யோகராஜா. அவர் அடுத்த காரின் சில்லுகளுக்குள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பழைய கார் விற்கும் அந்த ஷோரூமின் பின்முற்றத்தில் கழுவுவதற்கும் மினுக்குவதற்கும் இவர்கள் இரண்டு பேர்தான். யோகராஜா பல வருடத்துப் பழம். குகதாசன் போன மாரிக் குளிருக்குப் பிறகு வந்தவன்.

"சும்மா இருங்கோ யோகண்ணை. இந்தக் கதவு பளபளக்க வேணுமெண்டு கொலின் சொன்னவன்."

சொன்னது உண்மைதான். கொலின் அங்கே மனேஜர். இந்தக் கார் எங்கேயோ ஒரு விளக்குக் கம்பத்தில் போய்ச் சாத்தி, கதவு உள்ளே போய், கொலினுக்குத் தெரிந்த கராஜ் ஒன்றில் பசை அப்பி உரஞ்சிப் பெயின்ற் அடித்து வந்திருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு அந்தக் கதை சொல்லப்படுவதில்லை. பளபளப்பு கண்ணைக் கூசவைக்கும், கூசிய கண்ணுக்குக் குறை தெரியாது, ஆகவே அந்தக் கதவுக்கு மெழுகைக் கூடப் போடு என்பது கொலினின் சித்தாந்தம். குகதாசனுக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மற்றக் கதவுகளில் கை வழுக்கிக்கொண்டு போனது. இதில் மட்டும் ஒரு சின்ன மேடு, ஒரு சின்னப் பள்ளம். அதைத் தடவிப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

இந்தக் கார் விலைப்பட்டால் திங்கட்கிழமையிலிருந்து அவனை நிரந்தரமாக்குவதாகக் கொலின் வாக்குக் கொடுத்திருந்தான். நிரந்தர வேலை இருந்தால்தான் மனைவியைக் கூப்பிட விசாவுக்குப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சந்திரவதனா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் தாயோடு காத்துக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டி ஒன்றாக இருந்தது ஒரு மாதம்கூட இல்லை. அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோவதுதான் குகதாசனுக்குப் பெரிய பயமாக இருந்தது. அவள் இல்லாமல் இன்னொரு மாரியை இந்த ஊரில் ஓட்ட அவனால் முடியாது.

அந்தக் காரை வாங்க டொக்டர் மகாலிங்கம் மத்தியானம் மனைவியோடு வந்து இறங்கினார். மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, இங்கே படிக்க வந்து, இங்கேயே வேரூன்றிவிட்டவர். காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார். மனைவி பவளக்கொடியின் கையில் பெரிய சில்வர் தட்டு. அதில் தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சம்பழம், விபூதி, சந்தனம், குங்குமம், கட்டி கட்டியாகக் கற்பூரம். பூசை செய்யாத காரில் அவர் ஏறமாட்டார்.

கொலினுக்கு இது புதிதல்ல. தமிழ் ஆட்களுக்குக் கார் விற்று விற்று அவன் தேங்காய்க்குப் பழகிவிட்டான். நெருப்புக்குத்தான் இன்னும் பழகவில்லை. கற்பூரத்தைக் கண்டதும் உள்ளே போய் நெருப்பணைக்கும் சிவப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

பவளக்கொடி குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு காரின் முன்பக்கப் பொனற்றை நெருங்க, குகதாசன் பதறிப்போய்க் குறுக்கே வந்தான்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. மெழுகு இன்னும் இறுகேல்லை. குங்குமம் பட்டால் சிவப்பு உள்ளுக்கை இறங்கிப்போடும். கண்ணாடியிலை வையுங்கோவன்."

"நீ பொட்டை மூக்குக் கண்ணாடியிலயா வைப்பே?"

"இல்லை அம்மா."

"அப்புறம்?"

கடைசியில், பொட்டு வைப்பதை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டொக்டர் சமாதானம் செய்துவைத்தார்.

பவளக்கொடி கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டை ஏந்திக்கொண்டு காரை வலம் வரத் தொடங்கினார். சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி கொலின் பின்னால் நடந்தான். சுவாமி வீதிவலம் வரும்போது பின்னால் தீவட்டிக்காரன் வருவதுபோல இருந்தது. யோகராஜா குழாயைப் பூட்டிவிட்டுப் பக்தியோடு கைகட்டி நின்றார்.

பொனற்றில் தெரிந்த சுடரின் பிம்பம் நேராக எழுந்து அவரோடு கூடவே நடந்தது. வலப்பக்கக் கதவுகளிலும் அப்படியே. பின் இடது கதவுக்கு வந்ததும் சுடர் குள்ளமாகியது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. பிறகு ஒன்றாகி, கதவைத் தாண்டியதும் ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து போனது.

பவளக்கொடி நின்றார். ஓரடி பின்னால் வந்தார். சுடரும் பின்னால் வந்து மறுபடி இரண்டாகியது.

மங்கலான கதவில் மேடு தெரியாது, பள்ளமும் தெரியாது. முகம் பார்க்கிற கண்ணாடியாக அதை ஆக்கிவைத்தவன் குகதாசன்தான். மூன்றாம் பூச்சோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம் என்று நினைத்தபோது தன் கைகளின் மேலேயே ஆத்திரம் வந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. இந்தக் கதவுல விளக்கு நொண்டுது."

"காத்துல ஆடுது, பவளம்."

"காத்துன்னா எல்லாக் கதவுலயும் ஆடணும்ல?"

டொக்டர் குனிந்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இது எங்காவது அடிபட்ட காரா என்று கொலினிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கொலின் சிலிண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கீறல்கூடப் பட்டதில்லை, நம்பிக்கை இல்லாவிட்டால் இதன் ஒவ்வோர் அங்குலத்தையும் தேய்த்தவனைக் கேளுங்கள் என்று குகதாசனைக் காட்டினான். குகதாசன் என்ற பெயரின் முன்பாதியை வெட்டி, அவனை 'டாஸ்' என்றுதான் கொலின் கூப்பிடுவான். "சொல்லு, டாஸ்," என்றான் இப்போது.

பவளக்கொடி தட்டை அவன் முன்னால் நீட்டினார்.

"நீயே சொல்லு தம்பி. நீ சொன்னா நான் நம்புறேன். கற்பூரத்துல அடிச்சுச் சொல்லு, இது அடிபடாத காருன்னு."

கொலினுக்குத் தமிழ் தெரியாது. தட்டு நீட்டப்படுவதை ஏதோ ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு, குகதாசனைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

கற்பூரம் தானாக அணையட்டும் என்று குகதாசன் பார்த்துக்கொண்டு நின்றான். அது நல்ல கட்டி. அணைகிற மாதிரி இல்லை. யோகராஜா நெருங்கி வந்து, நெஞ்சுச்சளி முற்றியவர்போலத் தட்டின் பக்கமாகப் பலமாக இருமினார். பவளக்கொடி மற்றக் கையால் சுடரை மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என்ர கையெல்லாம் மெழுகு," என்றான் குகதாசன். "நெருப்பிலை வைச்சால் பத்திப்போடும்."

"கழுவிட்டு வா. அவசரமில்ல. நான் நிக்கிறேன்." அவர் இன்னொரு கட்டிக் கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

தண்ணீர்க் குழாயடிக்கு யோகராஜாவும் கூடவே வந்தார். குகதாசன் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அடிபடேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாவன். உனக்கு வேலை வேணுமெல்லே?"

"வதனாவைக் கூப்பிடத்தானே அண்ணை இந்த வேலை. அவளுக்காகக் கற்பூரத்திலை பொய் சொல்லி, அவளுக்கே ஏதும் நடந்திட்டால்?"

"லண்டனிலை கொளுத்திற கற்பூரத்துக்கு அவ்வளவு பவர் கிடையாதடா."

"அது மலேசியாக் கற்பூரம் போல கிடக்கு."

யோகராஜா திரும்பித் தட்டைப் பார்த்தார். சுடர் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப கஷ்டம்தான்," என்றார்.

குகதாசன் ஈரக் கையை ஓவரோலில் துடைத்துக்கொண்டு வந்தான். தட்டின் முன்னால் நின்றான். உண்மையைச் சொன்னால் சந்திரவதனா வரமாட்டாள். பொய்யைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. இரண்டு கையாலும் சுடரைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"போதும் தம்பி," என்றார் பவளக்கொடி. "புரிஞ்சுது."

டொக்டரும் கொலினும் கண்ணாடிச் சுவர் போட்ட ஒஃபிஸுக்குள் போனார்கள். வெளியே சத்தம் கேட்கவில்லை. டொக்டர் கதவு வளைந்திருப்பதைக் கையால் செய்து காட்டுவதும், கொலின் நெற்றியைத் தடவுவதும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் டொக்டர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். கொலினின் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஆனால் அது வாசல்வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"அடிமாட்டு விலைக்கு முடிச்சிட்டேன்," என்று மனைவியிடம் சொன்னார் டொக்டர். "கதவு கொஞ்சம் வளைஞ்சிருந்தா என்ன? நாம முன்னாலதானே உக்காரப்போறோம்."

பவளக்கொடிக்கும் அதன் பிறகு அந்தக் கதவு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. பொனற்றில் அவர் வைத்த பொட்டைக் குகதாசன் தடுக்கவில்லை. சில்லுகளின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. டொக்டருக்குத் தோள்மூட்டு வலி என்பதால் தேங்காயைக் குகதாசனே உடைத்தான். அது பிசிறில்லாமல் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று பவளக்கொடி ஒரு பாதியை அவன் கையில் கொடுத்தார்.

டொக்டர் புறப்படுவதற்கு முன்னால் கொலினைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். அவர் மனதார நல்லது செய்யத்தான் நினைத்தார். குகதாசனின் முதுகில் தட்டியபடி, இவனைப்போல ஒருவன் கிடைக்கமாட்டான், வேலை போனாலும் பரவாயில்லை என்று எங்களிடம் பொய் சொல்ல மறுத்துவிட்டான், இவனை விட்டுவிடாதீர்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னார். கற்பூரம் என்றால் என்ன, அதன்மேல் சத்தியம் செய்வதென்றால் என்ன என்பதையும் ஒன்றும் விடாமல் எடுத்துச் சொன்னார். கொலின் கவனமாகக் கேட்டான். பிறகு டொக்டரின் கையைக் குலுக்கி, எனக்குத் தெரியாமல் போய்விட்டது, சொன்னதற்கு மிகவும் நன்றி என்றான்.

"சரி லா தம்பி, மேல சொல்லியாச்சு. இனி உனக்குக் கவலையில்ல," என்று குகதாசனின் காதில் சொல்லிவிட்டு டொக்டர் காரில் ஏறினார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பவளக்கொடி கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார். குகதாசன் தேங்காய்ப் பாதியோடு பதிலுக்குக் கையசைத்தான். கார் மெயின் ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவேளை டொக்டர் சொன்னது வேலை செய்யக்கூடும் என்று ஒரு நினைப்பும் வந்தது. படித்த மனிதர், வெள்ளைக்காரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்தவர்.

"டாஸ்," என்று பின்னால் கொலின் கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை.

அவன் ஷோரூம் வாசலில் நின்றான். ஒரு கையில் ஒட்டுகிற நாடா. மற்றக் கையில், தடித்த பேனாவால் எழுதி இன்னும் மை காயாத மட்டை ஒன்று. கண்ணாடியில் ஒட்டவேண்டும், நேராகப் பிடி என்றான். குகதாசன் தேங்காய்ப் பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மட்டையை இரண்டு கையாலும் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தான். எழுத்து முகத்துக்கு நேரே இருந்தது. கார் மினுக்க ஆள் தேவை. திங்கட்கிழமை தொடங்கலாம். முன் அனுபவம் அவசியமில்லை.

கொலின் நாலைந்து அடி பின்னால் போய், தலையைச் சரித்துப் பார்த்தான்.

"இடது பக்கம் கொஞ்சம் உயர்த்து," என்றான்.

குகதாசன் உயர்த்திப் பிடித்தான்.