சாத்தனூர் படகுக்கு எத்தனை எஞ்சின்?

முருகையன் எதையும் ஜோடியாகவே நினைத்துப் பழகியவன். அடி அண்ணாமலை கிராமத்தில் அப்பன் காலத்திலிருந்து இரட்டை மாட்டு உழவு; ஒற்றை மாட்டை நம்பி அவன் ஒரு சால்கூட ஓட்டியதில்லை. அப்படிப்பட்டவன் எண்பத்து மூன்றாம் வருஷம் மாடுகளை விற்றுவிட்டு, சாத்தனூர் அணையில் ஆள் ஏற்றும் படகை எடுத்து நடத்தக் கிளம்பியதை ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. அணைக்கு அக்கரையில் இருப்பவர்கள் பஸ் பிடிக்கவேண்டுமென்றால் குன்றைச் சுற்றி அரை நாள் நடக்கவேண்டும். படகு ஓடினால் பிழைப்பு நிச்சயம். பாக்கி இருந்தது எஞ்சின்தான்.

செங்கம் ரோட்டில் பம்புசெட் கடை வைத்திருந்த ராஜமாணிக்கம், படகின் பின்பலகையில் மாட்டுகிற எஞ்சின்களை மெட்ராஸிலிருந்து தருவித்திருந்தார். பெரியது ஒன்று, சிறியது இரண்டு. பெரியதைத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கிக் கயிற்றைச் சுண்டியதும் டிரம்மே ஆடியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“பெரிசு ஒண்ணு போதும்ணே. எடை கம்மி, பெட்ரோல் கம்மி” என்றார் ராஜமாணிக்கம்.

“நடுத்தண்ணில அது படுத்துக்கினா? ரெண்டு இருந்தா ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இழுக்கும். சாமிகூட தனியா நிக்கலியே, பாதி அம்மனாதானே நிக்கிறாரு?” என்றான் முருகையன்.

“அதுவும் ஒரே உடம்புலதானே மாமா நிக்கிறாரு?” என்றாள் கூட வந்திருந்த அவன் மனைவி ரேணுகாம்பாள். கடையே சிரித்தது.

முருகையன் சிரிக்கவில்லை. “வித்த மாடு உன் பொறந்த வூட்டுது. நீயே சொல்லு, எது வேணும்னு.”

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. இனி தினமும் தண்ணீர்மேல் போகப்போகிறவன் அவன். நீச்சல் தெரியாத மனுஷன். பொழுது சாய்ந்ததும் அவனை வீடு கொண்டுவந்து சேர்ப்பது எதுவென்று தன் வாயால் சொல்லச் சொல்கிறானே! “ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். ராஜமாணிக்கம் நல்ல மனிதர். முதலில் சிறியவை இரண்டையும் மாட்டிப் பாருங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

அந்த வருஷ மழைக்கு அணை ததும்பிக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் ஊர் ஏரிதான். “எம்மாம் தண்ணி!” என்று அப்படியே நின்றுவிட்டாள். முருகையனோ துடுப்புகளைக் கரையிலேயே போட்டுவிட்டு ஏறினான். இரண்டு எஞ்சின் வைத்த படகில் துடுப்பு எடுத்துப்போவது எஞ்சினுக்கு அவமரியாதை என்பது அவன் கட்சி.

இருவரையும் சுமந்துகொண்டு படகு மூக்கைத் தூக்கிப் பறந்தது. நடு அணையில் வலப்பக்க எஞ்சின் இருமி நின்றது. “பாத்தியா, இன்னொண்ணு இழுக்குது!” என்று முருகையன் பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை, அதுவும் நின்றது. கயிற்றைச் சுண்டிச் சுண்டி அவன் தோள் விட்டுப்போனது. ரேணுகாம்பாள்தான் குனிந்து பார்த்தாள். இரண்டு எஞ்சினின் குழாய்களும் ஒரே பெட்ரோல் கேனுக்குள் போயின. கேனைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றினாள். பெட்ரோலோடு தண்ணீரும் வந்தது. ராத்திரி மழையில் கேனை மூடாமல் வைத்தவன் யார் என்று கேட்கவேண்டியதே இல்லை.

“ரெண்டுக்கும் ஒரே தொட்டியா வச்சிருக்க, மாமா.”

அவன் கயிற்றைக் கீழே போட்டான். அப்போதுதான் அந்த நிசப்தம் அவள் காதில் ஏறியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், அதற்கு மேல் வானம். தூரத்தில், குன்றுகளுக்குப் பின்னால், அண்ணாமலை நீலமாக நின்றது. தினமும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் மலை! அதன் காலடியிலேயே குடித்தனம் நடத்தியும் ஒருநாளும் அதை முழுசாகப் பார்த்ததில்லை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. உடம்பு சிலிர்த்தது, கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு சின்னப் படகில் இரண்டு பேர் உயிரோடு இருப்பதே ஆச்சரியம் என்று தோன்றியது. பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

காற்று படகை அணைக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஷட்டர்கள் திறந்திருந்தன. அங்கே தண்ணீர் விழும் இரைச்சல் கிட்டே வரவர முருகையன் முகம் வெளுத்தது.

“உக்கார்ற பலகை ரெண்டையும் பேத்து ஒண்ணு குடு, மாமா. நீ ஒண்ணு வச்சிக்க.”

இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன். பதற்றத்தில் அவன் வாரி வாரித் தள்ள, படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. “மெதுவா! நான் போடறப்போ போடு!” என்று அவள் கத்தினாள். அதற்குப் பிறகு அவன் அவள் தோளைப் பார்த்தே தள்ளினான். தோள் சாய்ந்தால் பலகை இறங்கியது, நிமிர்ந்தால் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் பின்னால் போயிற்று.

கரை தட்டியபோது இருவர் உள்ளங்கையிலும் தோல் இல்லை. முருகையன் சேற்றிலேயே உட்கார்ந்து, சன்னதியில் திரை விலகியதும் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

“பெரிசு ஒண்ணு வாங்கு” என்றாள் அவள். “துடுப்பு ரெண்டு எடுத்துக்கினு போவணும்.”

“நான் ஒருத்தன். ரெண்டு துடுப்ப எப்படிப் போடுவேன்?”

“யாரு உன்ன ஒருத்தனா வுட்டது? தெனம் நானும் வரேன்.”

“சரி” என்றான் முருகையன்.