ஞாயிறை முழுங்குற சட்டம்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். வேலையும் ஒரே மருந்து கம்பெனியில். காலையில் ஒரே பஸ், ஒரே கேட். கேட்டைத் தாண்டியதும் சின்னவள் ஏசி போட்ட ஆபீஸுக்குப் படியேறிவிடுவாள். பெரியவள் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, பேக்கிங்கில் நாள் முழுக்க நின்றபடியே மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடைப்பாள்.

அதுகூடப் பரவாயில்லை. லீவு விஷயத்தில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பேக்கிங்கில் சனியும் திங்களும் லீவு எடுத்தால், நடுவில் வருகிற ஞாயிறும் லீவுக் கணக்கில் போய்விடும். அன்றைக்குக் கம்பெனி பூட்டித்தான் கிடக்கும், இருந்தாலும் ஒரு நாள் லீவைப் பிடிப்பார்கள். 'ஞாயிறை முழுங்குற சட்டம்' என்று பேக்கிங் பெண்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஆபீஸ்காரர்களுக்குச் சனிக்கிழமையும் விடுமுறை, அந்தச் சட்டமும் கிடையாது. சின்னவள் வெள்ளியும் திங்களும் லீவு போட்டு, சனி ஞாயிறை ஓசியில் சேர்த்துக்கொண்டு, புருஷனோடு கடற்கரை, மலை என்று ஜாலியாகச் சுற்றிவிட்டு வருவாள். வந்து போட்டோ வேறு காட்டுவாள், மகராசி.

இந்த வருஷம் பெரியவளின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். வெளியூரில் தனியாக இருக்கிறவள். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சேர்த்தால் திங்கட்கிழமைதான் கட்டுப் பிரிப்பார்களாம். பெண்கள் வார்டு என்பதால் புருஷனை அனுப்பவும் வழியில்லை. பெரியவளிடமோ லீவு இல்லை. அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு முறையும் ஒரு ஞாயிறு கூடவே போய், எல்லாம் தீர்ந்துவிட்டது. லீவில்லாமல் நின்றுவிட்டால் பேக்கிங்கில் மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அந்த வாரம் பார்த்துச் சின்னவள் மறுபடியும் வெள்ளி, திங்கள் லீவு கேட்டிருக்கிறாள் என்று கேன்டீனில் காதில் விழுந்தது. அடிப்பாவி, இங்கே என் அம்மா கண்ணே போகப்போகிறது, உனக்கு ஊர் சுற்றக் கேட்கிறதா! பெரியவள் டிபன் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள். ஒரு கம்பெனிக்குள் ரெண்டு சட்டமா என்று பொரிந்து தள்ளினாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. உங்களுக்கும் ஞாயிறைப் பிடிக்கக் கூடாதுன்னா மேலிடத்துல கேக்கணும், நாளாகும். ஆபீஸ்காரங்களுக்கும் பிடிக்கணும்னா நாளைக்கே போர்டுல ஒட்டிடலாம். எது வேணும்?"

பெரியவள் யோசிக்கவே இல்லை.

"நாளைக்கே ஒட்டுங்க சார்."

ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில், சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பெரியவளுக்கு ஜன்னல் காற்றே இனித்தது. எங்கே போகிறாய், இப்போது போ பார்க்கலாம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சமையலறையில் பக்கத்தில் நின்று காய் நறுக்கும்போதுதான் சின்னவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"லீவு கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேங்க்கா. அம்மா ஆபரேஷனுக்குத் துணையா நான் போய் இருக்கலாம்னுதான் கேட்டேன்."

அவளிடம் மிச்சம் இருந்தது அந்த இரண்டு நாள்தானாம். இப்போது சனி ஞாயிறையும் பிடிப்பதால் சம்பளமில்லாத லீவு விழுமாம். அப்படி விழுந்தவர்களுக்கு இந்த வருஷம் பதவி உயர்வு கிடையாதாம். அடுத்த மாதம் அவள் முறை வரவேண்டியது. ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

போய்ச் சொன்னவள் நான்தான் என்பதைப் பெரியவள் சொல்லவில்லை, அடுத்த காயை எடுத்தாள்.

"அப்படின்னா நீ போக வேணாம், விடு."

"போகாம எப்படிக்கா? பதவி அடுத்த வருஷம் வந்துட்டுப் போகுது. கட்டுப் பிரிக்கும்போது அம்மா எதிர்ல நம்ம மொகம் ஒண்ணு வேணாமா?"

பெரியவளை அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் திங்கட்கிழமை காலை, தான் இங்கே பெட்டி அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பெற்ற அம்மா கண்ணைத் திறந்து முதலில் பார்க்கப்போவது இவள் முகத்தைத்தான். அதை மட்டும் பெரியவளால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.