விலா எலும்பு அத்தியாயம்

ஒரு நர்ஸ் எழுதிய நாவலில் அவள் தங்கை சாகும் அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கெல்லாம் ஒரு விலா எலும்பு முறிந்தது. முதலில் முறிந்தது பதிப்பாளருக்கு. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வலியைப் பொறுத்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு மார்புக் கட்டோடு அவளைக் கூப்பிட்டார். "பிரமாதமா எழுதியிருக்கீங்கம்மா. எல்லாக் கடையிலயும் அடுக்கிடலாம். அந்த ஒரு அத்தியாயம் மட்டும் வேணாம். தங்கச்சி காய்ச்சல்ல போயிட்டதா வெச்சுக்குவோமே."

"அவ புருஷன் கம்பியால அடிச்சே கொன்னான் சார். சாட்சி இல்லைன்னு கோர்ட்டு விட்டுடுச்சு. புத்தகத்துலயும் அவனை விட்டுடணுமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மற்ற பதிப்பாளர்களும் ஆளுக்கொரு கட்டுப் போட்டுக்கொண்டு அதையேதான் சொன்னார்கள். கடைசியில் சங்கிலியை விற்று, ரசீதுப் புத்தகம் அடிக்கும் அச்சகத்தில் தானே அச்சடித்தாள். மெய்ப்புப் பார்க்க எவனும் துணியாததால் அந்த அத்தியாயத்தில் மட்டும் பிழைகள் மலிந்து கிடந்தன. கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். டியூட்டி முடிந்து பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்று விற்றாள். சனங்கள் வாங்கத்தான் செய்தார்கள். "எலும்பு ஒட்டிக்கும். கதை பாதியில நின்னா தூக்கம் வருமா?" என்றார்கள். எலும்பு வார்டில் ஒரே பிரதி கட்டிலுக்குக் கட்டில் கைமாறியது.

தங்கை கணவன் அதே கம்பியோடு அச்சகத்துக்குப் போனான். இயந்திரத்தை நொறுக்கினான், குறுக்கே வந்த அச்சகக்காரரின் முன்கையையும் உடைத்தான். அவள் வேறு அச்சகத்துக்குப் போனாள். பிறகுதான் அவனுக்கு மூளை வேலை செய்தது. பிரதிகள் தீர்ந்துபோனால் பதிப்பகங்கள் லேசில் மறுபதிப்புப் போடுவதில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆள் வைத்து, இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கினான். எழுதியவளும் பதிப்பித்தவளும் ஒருத்தியே என்பது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை. அவன் கொடுத்த காசிலேயே அவள் அடுத்த பதிப்பு போட்டாள். அதையும் வாங்கினான். கொளுத்திப் பார்த்தான், ஈர விறகு மாதிரி புகைந்ததே ஒழிய எரியவில்லை. சில வருஷங்களில் அவன் வீட்டில் படுக்க இடமில்லாமல் போயிற்று.

ஒரு மத்தியானம், "அப்படி என்னதான் எழுதிக் கிழிச்சிருக்கா?" என்று புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தான். மற்றவர்களுக்கு முதல் அடி மட்டுந்தான் பட்டது. அவனுக்கு அத்தியாயம் முழுக்கப் பட்டது. தாடை பிளந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக ஒடிந்தன, மண்டை கடைசி வரியில் உடைந்தது. "வேணாங்க, விட்டுடுங்க, செத்துடுவேங்க" என்று அவன் கதறியது தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவன் பெண்டாட்டி கதறியபோது செய்ததைப் போலவே டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

உடலை அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மரணத்துக்குக் காரணம் 'வாசிப்பு' என்று டாக்டர் எழுதினார். "முடிவைச் சொல்லிடாதீங்க, நான் பாதிதான் படிச்சிருக்கேன்" என்றார் கூட வந்த போலீஸ்காரர். அவள் ரத்தத்தைத் துடைத்தாள், தாடையைச் சேர்த்துக் கட்டினாள், கை கழுவினாள். அப்புறம் வராந்தாவில் உட்கார்ந்து, "என் கண்ணே, என் தங்கமே" என்று தங்கைக்காக வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷமும் எழுதுவதும் விற்பதுமாக இருந்ததில் அழுவதற்கு அவளுக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை.