கசந்த தெப்பம்

அஞ்சுகம் தர வேண்டிய பதினேழாயிரத்து நானூற்று அறுபது ரூபாயை வசூலிக்க வந்த கடன் கம்பெனி ஆள் செந்தில்குமாரின் நாக்கு, அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்ததும் கசந்தது. அது ஆனி மாதம், கத்தரிக்காய் கிலோ நாற்பதுக்கு விற்ற வெள்ளிக்கிழமை.

நெடுங்காட்டுக் கடைமடைக்கு இரண்டு வருடமாகத் தண்ணீர் வரவில்லை. நடவு வேலை இல்லாமல் போன அஞ்சுகம் கடன் வாங்கி, அரசலாற்று முகத்துவாரத்தில் மூங்கில் தெப்பம் போட்டுக் கடற்பாசி வளர்த்தாள். ஓரா மீன் வந்து மேய்ந்தது. பூச்சி அரித்த நாற்றைப் பிடுங்கிப் பழகிய கை, கடிபட்ட பாசியையும் தினமும் அவிழ்த்துக் கரையில் எறிந்தது. எறிய எறிய மீன் கூடியது. முதல் தவணை தப்பியதும் செந்தில்குமார் அவள் தோட்டை வாங்கிப் போனான். இரண்டாவதற்கு கேஸ் சிலிண்டரை. மூன்றாவதும் தப்பினால் தெப்பம் என்றான். தெப்பமும் போனால் அவளுக்கும் மகள் சிவப்ரியாவுக்கும் சோற்றுக்கு வழி கிடையாது.

பக்கத்துத் தெப்பத்துக்காரி மங்கையர்க்கரசிதான் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, கடிபட்டதையா எறியிற? மீன் வாய் பட்டாத்தான் பாசி தன்னையே கசப்பாக்கிக்கும். அது தண்ணியில கலந்தா மத்ததும் உஷாராயிடும். வாத்தியார வெளிய தள்ளிட்டுப் பள்ளிக்கூடம் நடத்துறியே."

"நெல்லு இப்படிப் பண்ணாதுல்ல."

"நெல்லுக்கு நீ இருக்க. இதுக்கு யாரு இருக்கா?"

அன்று முதல் கடிபட்டதை விட்டுவைத்தாள். எட்டாம் நாள் தெப்பம் முழுக்கக் கசந்தது. ஓரா மீன் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டுப் போனது. தினமும் ஆறு மணி நேரம் மார்பளவுத் தண்ணீரில் நின்றதில் கசப்பு அஞ்சுகத்துக்குள்ளும் இறங்கியது. அவளும் இரண்டு முறை கடிபட்டவள்தானே.

மூன்றாம் தவணையும் தப்பி, தெப்பத்தை எடுக்க வந்த செந்தில்குமார் "அஞ்சு..." என்றதோடு வாசலில் துப்பினான்.

"என்னக்கா வச்சிருக்கீங்க வீட்டுல?"

"ஒண்ணுமில்லியே தம்பி. எல்லாத்தையும்தான் எடுத்துட்டுப் போயிட்டீங்க."

தெப்பத்தைத் தொடாமல் திரும்பிப் போய், அவள் பெயர் இருந்த தாளைப் புரட்ட விரலில் எச்சில் தொட்டவனுக்கு நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அவன் மேலாளருக்கும் அப்படியே. பாசியை எடைக்கு வாங்குகிறவர்கள் ருசி பார்ப்பதில்லை என்பதால் அது விற்றது. ஆனால் அஞ்சுகம் வடித்த சோறும் கசந்தது. சிவப்ரியா மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிப் பார்த்தாள்; நாலாம் நாள் முடியவில்லை.

ஆவணியில் கடிதம் வந்தது. கடனைத் தள்ளுபடி செய்துவிட்டதாகவும், இனி யாரும் வர மாட்டார்கள் என்றும் எழுதியிருந்தது. சிவப்ரியா அதை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு மங்கையர்க்கரசி வீட்டுக்குச் சாப்பிடப் போனாள்.